தூப்ரான் பயிற்சி விமான விபத்து: வெளியேற்று இருக்கை இருந்தும் இருவரும் ஏன் பிழைக்கவில்லை?

கடற்கரைச்சாலை | 5 டிசம்பர் 2023, காலை 7.40

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாடமியிலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 பயிற்சி விமானம், மேடக் மாவட்டம் தூப்ரான் அருகே ரவெல்லி கிராமத்தில் விழுந்து எரிந்துபோனது. பயிற்றுநர் ஒருவர், பயிற்சி மாணவர் ஒருவர், இருவரும் இறந்துவிட்டார்கள். தரையில் யாருக்கும் காயமில்லை. விசாரணைக்கு உத்தரவிட்டிருப்பதாக விமானப்படை சொல்லியிருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். இந்த விமானத்தில் இரண்டு பேருக்கும் வெளியேற்று இருக்கை உண்டு. கைப்பிடியை இழுத்தால் ராக்கெட் வேகத்தில் தூக்கி வெளியே எறிந்து பாரசூட்டை விரித்துவிடும். அப்படியிருந்தும் இரண்டு உயிர்கள் போனது எப்படி? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எதையும் கேட்பவன் | 5 டிசம்பர் 2023, காலை 8.05

இதில் என்ன சந்தேகம்? நாற்பது வருடப் பழைய விமானங்களைக் கொடுத்துப் பிள்ளைகளைச் சாகடிக்கிறார்கள். பறக்கும் சவப்பெட்டிகள்.

பழைய சார்ஜென்ட் | 5 டிசம்பர் 2023, காலை 9.20

நண்பர் கோபத்தில் விமானத்தை மாற்றிப் பேசுகிறார். சவப்பெட்டி என்று பத்திரிகைகள் எழுதியது மிக்-21 விமானத்தை. இது சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு. 75 விமானங்களுக்கு 2012-ல் ஒப்பந்தம், ஏறக்குறைய 2,900 கோடி ரூபாய். 2013-ல் வந்து சேரத் தொடங்கின. அந்த ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியதாக 2019-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது, அது வேறு கதை. விமானம் நல்ல விமானம். பத்து வருடம் என்பது ஒரு பயிற்சி விமானத்துக்கு முதுமையே அல்ல.

சவப்பெட்டி என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் இதற்கு முன்னால் இருந்ததைச் சொல்லுங்கள். எச்பிடி-32 தீபக். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) தயாரிப்பு. ஒற்றை பிஸ்டன் எஞ்சின், மாணவரும் பயிற்றுநரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் அதில் வேலை பார்த்தவன், மேலே பறந்தவன் அல்ல, கீழே நின்று சரிபார்த்து அனுப்பியவன். அதற்கு வெளியேற்று இருக்கை கிடையாது. முதுகில் பாரசூட் கட்டிக்கொண்டு போவார்கள். ஆபத்து வந்தால் மேல்மூடியைத் தள்ளி, எழுந்து, இறக்கையின் மேல் கால் வைத்துக் குதிக்க வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் மிதந்து இறங்கும் குணமும் அதற்குக் குறைவு. 2009 ஜூலை 31 அன்று இதே மேடக் மாவட்டத்தில் ஒன்று விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். அதோடு மொத்தத்தையும் தரையிறக்கிவிட்டார்கள். அதுவரைக்குமான கணக்கு 17 விபத்துகள், 19 விமானிகள்.

கடற்கரைச்சாலையின் கேள்விக்கு மாலையில் விரிவாக எழுதுகிறேன். பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும்.

பொள்ளாச்சி அம்மா | 5 டிசம்பர் 2023, காலை 10.02

என் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். மூன்று வருடமாக என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி), விமானி என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இந்தச் செய்தியை அவன் கண்ணில் படாமல் தொலைக்காட்சியை அணைத்தேன். அவன் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்துவிட்டான்.

சார்ஜென்ட் ஐயா, நீங்கள் எழுதுங்கள். நான் படிக்கிறேன்.

நெறியாளர் | 5 டிசம்பர் 2023, மதியம் 12.30

இறந்த இருவரின் பெயர், குடும்பப் படம், எரிந்த இடத்தின் காணொளி ஆகியவற்றைப் பகிர்ந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மீண்டும் போட்டால் கணக்கை முடக்குவேன்.

பழைய சார்ஜென்ட் | 5 டிசம்பர் 2023, மாலை 6.45

சொன்னபடி எழுதுகிறேன். சற்று நீளம்.

முதலில் ஒன்று. ரவெல்லியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, இங்கே யாருக்கும் தெரியாது. பொதுவாக இந்த இருக்கை எப்படிப் பயன்படும், எப்போது பயன்படாமல் போகும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த இருக்கைகளைச் செய்வது மார்ட்டின் பேக்கர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அதன் கூட்டாளிகளில் ஒருவரான வேலன்டைன் பேக்கர் 1942-ல் தங்கள் சொந்த விமானத்தைச் சோதனை ஓட்டம் பார்க்கும்போது விழுந்து இறந்தார். மற்றவரான ஜேம்ஸ் மார்ட்டின் பிறகு விமானி உயிர் பிழைக்கும் வழியிலேயே தன் மூளையைச் செலவழித்தார். இதுவரை 7,000 பேருக்கு மேல் இந்த இருக்கைகளால் பிழைத்திருக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கு அந்த நிறுவனம் ஒரு கழுத்துப்பட்டை அனுப்பிவைக்கும்.

ஆகவே இருக்கை வேலை செய்யும். சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. "இனி இந்த விமானம் நம் கையில் இல்லை" என்று மனம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலுக்குத்தான் நேரம் பிடிக்கிறது.

ஒரு கணக்கு பாருங்கள். விமானம் நிமிடத்துக்கு 6,000 அடி வீதம் கீழே போகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 அடி. 1,000 அடி உயரத்தில் இருந்தால் பத்து விநாடி கையில் இருக்கிறது. ஏதோ சரியில்லை என்று உறைக்க இரண்டு விநாடி. மாணவனின் கை செய்த தவறா, எஞ்சினா என்று பார்க்க இரண்டு. கட்டுப்பாட்டை வாங்கிச் சரிசெய்து பார்க்க மூன்று. மிச்சம் மூன்று. கைப்பிடியை இழுத்ததிலிருந்து பாரசூட் முழுதாக விரிய இரண்டு மூன்று விநாடி ஆகும். போயிற்று.

இதில் இன்னொன்று உண்டு. இருக்கை மேல்நோக்கிப் பாயும் என்கிறோம். அது விமானத்துக்கு மேல்நோக்கி, வானத்துக்கு அல்ல. விமானம் ஒருக்களித்திருந்தால் இருக்கை பக்கவாட்டில் போகும். தலைகீழாக இருந்தால் மண்ணை நோக்கித்தான் போகும். தரையில் நிற்கும்போதுகூட உயிர் காக்கும் இருக்கைகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தில் அந்தக் கணக்கு வேறு.

போர் விமானத்தில் தனியாகப் போகிறவருக்கு இதில் ஒரு முடிவுதான். பயிற்சி விமானத்தில் இரண்டு. பயிற்றுநரின் தொழிலே மாணவனைத் தவறு செய்யவிடுவது. தவறு செய்த கையிடமிருந்து உடனே பிடுங்கினால் அவன் கற்க மாட்டான். பிடுங்காமலேயே இருந்தால் இருவரும் வீடு திரும்ப மாட்டார்கள். எவ்வளவு தூரம் விடலாம் என்ற அந்தக் கோட்டைச் சொல்லிக்கொடுக்கத்தான் தாம்பரத்தில் பயிற்றுநர்களுக்கே ஒரு பள்ளி இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்கள் காலையில் தலைக்கு மேல் கேட்கும் இரைச்சல் அதுதான்.

கடற்கரைச்சாலை | 5 டிசம்பர் 2023, இரவு 8.10

நன்றி ஐயா. அந்த மூன்று விநாடிக் கணக்கைப் படித்துவிட்டுக் கடிகாரத்தை வைத்து எண்ணிப்பார்த்தேன். ஒரு தும்மல் போடும் நேரம்.

மேலூர் முரசு | 5 டிசம்பர் 2023, இரவு 9.33

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். ஊருக்குள் விழாமல் வயல்வெளிக்கு விமானத்தைத் திருப்பி, கிராமத்தைக் காப்பாற்றிவிட்டுத் தங்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் அந்த இருவரும். வெளியேறாததற்கு அதுதான் காரணம். வீரவணக்கம்.

நீலவானம் | 5 டிசம்பர் 2023, இரவு 9.50

யார் சொன்னது? விமானப்படை சொல்லியதா? வாட்ஸப்பில் வந்ததா?

திட்டாதீர்கள், நான் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாட்டில் எங்கே விமானம் விழுந்தாலும் அன்று மாலைக்குள் இதே வாசகம் வந்துவிடுகிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் சாம்பல் ஆறுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். சொல்லிவிட்டால் பிறகு எதையும் கேட்க முடியாது. கேட்டால் தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறவன் ஆகிவிடுகிறேன். எஞ்சினில் கோளாறா, பராமரிப்பில் குறையா, பறவை மோதியதா, அந்தப் பாடத்தை அந்த உயரத்தில் நடத்தியது சரியா, எல்லாம் அந்த ஒரு பூமாலையின் கீழே போய்விடுகிறது.

மேலூர் முரசு | 5 டிசம்பர் 2023, இரவு 10.04

பயிற்சி மாணவன் ஒருவன் எரிந்து கிடக்கிறான். உங்களுக்குத் தர்க்கம் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு, சாவு வீட்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

பழைய சார்ஜென்ட் | 6 டிசம்பர் 2023, காலை 6.15

முரசுத் தம்பி, உங்கள் வணக்கத்தில் தவறு இல்லை. அந்த உடையைப் போட்டுக்கொண்டு அந்த இருக்கையில் ஏறியதற்கே வணக்கம் சொல்லலாம், அதற்கு ஒரு கதை தேவையில்லை.

கணக்குக் கேட்பது பற்றி ஒன்று சொல்கிறேன். இதுவரை இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு ஏடு உண்டு. எண்ணெய், டயர், எஞ்சின், கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாவற்றையும் பார்த்து, பார்த்தவன் தன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் விமானி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு விமானம் அவருடையது. திரும்பி வந்து இறங்கி மறு கையெழுத்துப் போடும்போது மறுபடி நம்முடையது.

ஒரு நாள் நான் அனுப்பிய விமானம் திரும்ப வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. ஐந்து நிமிடம் வரை யாரும் பேசவில்லை. பத்து நிமிடத்தில் டீ கொண்டுவந்தவன் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு ஓர் அதிகாரி வந்து எதுவும் சொல்லாமல் அந்த ஏட்டை எடுத்தார், உறையில் போட்டார், அரக்கு வைத்தார். எங்கள் கருவிப் பெட்டியையும் பூட்டி எடுத்துக்கொண்டார்கள். அது நடைமுறை, யார் மேலும் சந்தேகம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த விமானியின் முகம் நினைவுக்கு வரவில்லை. என் கையெழுத்துத்தான் நினைவுக்கு வந்தது. எண்ணெய் மூடியைத் திருகினேனா, திருகினேனா என்று அதுவே ஓடியது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவர் பிழைத்தார். வேறொரு நிலையத்தில் இறங்கியிருந்தார், தகவல் வந்து சேரத் தாமதம். அரக்கை உடைத்து ஏட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே நீலவானம் கேட்கிற கேள்விகளைக் கேட்க வேண்டும். ரவெல்லி விமானத்துக்கும் ஒருவன் கையெழுத்துப் போட்டிருப்பான். அவன் நேற்று இரவு தூங்கியிருக்க மாட்டான். உண்மை வெளியே வந்தால்தான் அவன் தூங்குவான்.

நீலவானம் | 6 டிசம்பர் 2023, காலை 8.22

ஐயா, இதற்கு மேல் நான் என்ன எழுத?

ஒன்று மட்டும். உண்மை வெளியே வருமா? பயணிகள் விமானம் விழுந்தால் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் அறிக்கையை நாம் இணையத்திலேயே படிக்கலாம். விமானப்படையின் விசாரணை அறிக்கை மக்களுக்கு வருவதில்லை. 2018-ல் வேல்ஸில் இருக்கும் வேலி தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் சாகச அணியான ரெட் ஆரோஸின் ஹாக் விமானம் விழுந்து பொறியாளர் ஒருவர் இறந்தார். புறப்பட்டவுடன் எஞ்சின் நின்றால் எப்படித் திரும்பி இறங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானி வெளியேறிப் பிழைத்தார். அடுத்த ஆண்டே முழு அறிக்கையையும் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்டது. விமானியின் களைப்பு முதற்கொண்டு அதில் எழுதியிருக்கிறது. அதனால் அவர்கள் நாட்டு ரகசியம் எதுவும் கடலில் விழுந்துவிடவில்லை.

எஞ்சின் எண்ணெய் | 6 டிசம்பர் 2023, காலை 11.40

எதிர்த்தரப்பையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். அறிக்கை பத்திரிகைக்குப் போகும் என்று தெரிந்தால், "நான் சரிபார்க்க மறந்துவிட்டேன்" என்று எந்தத் தொழில்நுட்பர் வாய்திறந்து சொல்வார்? அவர் சொல்லாவிட்டால் அடுத்த விமானமும் அதே மூடியோடு பறக்கும். விசாரணையின் முதல் வேலை அடுத்ததைத் தடுப்பது. நமக்குச் செய்தி கொடுப்பது இரண்டாம் பட்சம்.

அமெரிக்க விமானப்படை இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஒரே விபத்துக்கு இரண்டு விசாரணை. ஒன்று பாதுகாப்புக்காக. அதில் சாட்சி சொல்பவரின் வார்த்தை வெளியே போகாது, தண்டனைக்கும் பயன்படாது. இன்னொன்று தனிக் குழு, சாட்சிகளை மறுபடி முதலிலிருந்து விசாரித்து எழுதும் அறிக்கை. அது குடும்பத்துக்கும் பொதுமக்களுக்கும் போகும். செலவு இரட்டிப்பு. ஆனால் இரண்டு நியாயமும் நிற்கிறது.

நீலவானம் | 6 டிசம்பர் 2023, மதியம் 12.05

இதை நான் ஏற்கிறேன். நம்மிடம் முதலாவது மட்டும் இருக்கிறது. இரண்டாவதைத்தான் கேட்கிறேன்.

இதே கேள்வியைக் கேட்டு அலைந்த ஒரு தாய் உண்டு, மும்பையைச் சேர்ந்த கவிதா காட்கில். 2001-ல் ராஜஸ்தானின் சூரத்கரில் மிக்-21 விழுந்து அவர் மகன் ஃபிளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கில் இறந்தார். விமானியின் திசைக் குழப்பம்தான் காரணம் என்றது விசாரணை. அவர் ஏற்கவில்லை. கணவரும் விமானப்படையில் விங் கமாண்டராக இருந்தவர். மகன் பெயரில் விமானப் பாதுகாப்புக்கு ஓர் அறக்கட்டளையே தொடங்கிப் போராடினார்கள்.

பொள்ளாச்சி அம்மா | 6 டிசம்பர் 2023, இரவு 9.15

அந்தத் தாயைப் பற்றித் தேடிப் படித்தேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

கடற்கரைச்சாலை | 15 நவம்பர் 2025, காலை 8.30

இரண்டு வருடம் தூங்கிய இழையை எழுப்புகிறேன். நேற்று மதியம் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே தாம்பரம் பக்கத்துப் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. அதே பிசி-7 மார்க் 2. விமானி வெளியேறிப் பத்திரமாக இருக்கிறார். சார்ஜென்ட் ஐயா, இருக்கை வேலை செய்தது!

பழைய சார்ஜென்ட் | 15 நவம்பர் 2025, காலை 9.10

செய்தியைக் கேட்டவுடன் உங்களைத்தான் நினைத்தேன். அவருக்கு அந்த மூன்று விநாடி கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சி. முதுகெலும்பு நன்றாக இருக்க வேண்டும். வெளியே எறியும் வேகத்தில் முதுகெலும்பு அழுந்தி, பிழைத்தவர்களில் சிலர் உயரமே குறைந்துபோவதுண்டு.

எதையும் கேட்பவன் | 15 நவம்பர் 2025, காலை 9.48

விழுந்தது ஆளில்லாத இடம் என்பதால் மகிழ்கிறோம். ஜூலை 21 அன்று டாக்காவில் என்ன ஆயிற்று? வங்கதேச விமானப்படையின் எஃப்-7 பயிற்சிக்குக் கிளம்பிச் சில நிமிடங்களில் உத்தரா பகுதியில் மைல்ஸ்டோன் பள்ளியின் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மெஹ்ரின் சௌத்ரி என்ற ஆசிரியை பிள்ளைகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்து தீயில் கருகி இறந்தார். சார்ஜென்ட், இந்த முறை விமானத்தின் பெயரைச் சரியாகத்தான் சொல்கிறேன்: சீனா செய்த மிக்-21 வாரிசு அது.

தாம்பரத்தைச் சுற்றி 1954-ல் என்ன இருந்தது? ஏரியும் பனைமரமும். இன்று? துண்டிகலைச் சுற்றியும் அடுக்குமாடிகள் வந்துகொண்டிருக்கின்றன.

பழைய சார்ஜென்ட் | 15 நவம்பர் 2025, காலை 10.30

இந்த முறை உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. விமானத்தளம் ஊருக்குள் வரவில்லை, ஊர்தான் தளத்துக்குள் வந்தது. ஆனால் விழுகிறபோது அந்த வாதம் எடுபடாது.

நீலவானம் | 15 நவம்பர் 2025, மதியம் 1.15

எனக்கு வேறொரு பாக்கி இருக்கிறது. சென்ற ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை ஒன்று வந்தது. 2017 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் விமானப்படைக்கு 34 விபத்துகள். அதில் 19-க்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல்: மனிதப் பிழை.

அந்தப் பட்டியலில் நம் குன்னூரும் இருக்கிறது. 2021 டிசம்பர் 8, ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர். மறு மாதமே விசாரணைக் குழுவின் முடிவைச் சுருக்கமாகச் சொன்னார்கள்: பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியது, மேகத்துக்குள் நுழைந்தார்கள், திசை தடுமாறி மலையில் மோதினார்கள். அந்த மேகம் நமக்குத் தெரியும். நஞ்சப்பசத்திரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், இருந்தாற்போல் வந்து வீட்டு வாசலை மறைத்துவிடும். ஆனால் பட்டியலில் மேகத்துக்கு இடமில்லை. கட்டத்தில் மனிதப் பிழை என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

ரவெல்லிக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதன் பின்னால் இருக்கும் மேகத்தைத்தான் ஊகிக்க முடியவில்லை.

எஞ்சின் எண்ணெய் | 15 நவம்பர் 2025, மதியம் 2.00

பிழை என்று எழுதுவதில் தவறில்லை நீலவானம், பிழை நடப்பது உண்மை. அந்தப் பிழைக்கு முந்தைய பத்து நாட்களையும் சேர்த்து எழுத வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினார், அந்தப் பாடத்தைக் கடைசியாக எப்போது செய்தார், தீபக்கைத் தரையிறக்கியபின் செய்ததுபோல் பயிற்சி நேரத்தைக் குறைத்தார்களா. 2009-க்கும் 2013-க்கும் இடையில் அடுத்த கட்டப் பயிற்சிக்கான கிரண் ஜெட்டிலேயே அரிச்சுவடி படித்த மாணவர்கள் இருக்கிறார்கள். மிதிவண்டி ஓட்டாமல் நேராக மோட்டார் சைக்கிள். இப்போது எச்ஏஎல் செய்யும் எச்டிடி-40 பயிற்சி விமானங்கள் 70 வாங்க 2023-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 2016-லேயே முதன்முறை பறந்த விமானம் அது. நேரத்துக்கு வரட்டும்.

பொள்ளாச்சி அம்மா | 15 நவம்பர் 2025, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. என்டிஏ தேர்வு எழுதியிருக்கிறான், முடிவு எப்படி வந்தாலும் அடுத்த தேர்வையும் எழுதுவான். இந்த இழையை இரண்டு வருடம் முன்பு அவனுக்குக் காட்டாமல் வைத்திருந்தேன். இன்று நானே கொடுத்தேன். தூப்ரான், சூரத்கர், டாக்கா எல்லாம் படித்தான்.

படித்து முடித்துவிட்டு, போகாதே என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் ஒரு கேள்வி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பிசி-7 விமானத்தில் பயிற்றுநர் பின் இருக்கையில் இருப்பாராமே, முன்னால் ஆள் மறைக்கும்போது அவருக்கு ஓடுதளம் எப்படித் தெரியும் என்கிறான்.

பழைய சார்ஜென்ட் | 15 நவம்பர் 2025, இரவு 9.05

நல்ல கேள்வி அம்மா. தம்பியிடம் சொல்லுங்கள், பின் இருக்கை முன் இருக்கையைவிடச் சற்று உயரமாக இருக்கும். மாணவனின் தலைக்கு மேலாகப் பார்த்தால் விமானத்தின் மூக்கும் ஓடுதளமும் தெரியும். தீபக்கில் பக்கத்தில் உட்கார்ந்தபோது முகத்தைப் பார்த்தே பையன் பயந்துவிட்டானா என்று கண்டுகொள்வார்கள். இதில் முகம் தெரியாது. தலைக்கவசத்தின் பின்புறம்தான் தெரியும். அது எந்தப் பக்கம் திரும்புகிறது, திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்புகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.